கை தூக்காமல் சாலையைக் கடப்பது

தீவில் மூன்று வண்டிகள் இருந்தன. ஐஸ் தொழிற்சாலையின் சின்ன லாரி, தண்ணீர்த் தொட்டி இழுக்கும் டிராக்டர், ஆஸ்பத்திரி நர்சின் ஸ்கூட்டர். நான்காவதாக ஒரு ஜீப்பும் உண்டு. அதன் பின்சீட்டில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்ததால் யாரும் அதை வண்டிக் கணக்கில் சேர்ப்பதில்லை. சாலை ஒன்றே ஒன்று. படகுத்துறையில் கிளம்பி, தீவை ஒரு சுற்றுச் சுற்றி, வேறு போக்கிடம் இல்லாமல் படகுத்துறைக்கே திரும்பி வந்துவிடும்.

இதை வைத்துக்கொண்டு, நகரத்தின் பெரிய சந்திப்பைக் கடப்பது எப்படி என்று நான்கு பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டிய நிலைமை டீச்சருக்கு வந்தது.

காரணம் ஒரு கடிதம். அக்கரையிலிருந்த உயர்நிலைப் பள்ளி எழுதியிருந்தது. ஆறாம் வகுப்பில் சேரும் தீவுப் பிள்ளைகள் தினமும் படகில் வந்துபோகலாம். ஆனால் படகுத்துறைக்கும் பள்ளிக்கும் நடுவில் ஒரு பெரிய சந்திப்பு இருக்கிறது. அதைத் துணையில்லாமல் கடக்கத் தெரியும் என்று போக்குவரத்துப் போலீஸ் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். ஒரு பிள்ளைக்கு இரண்டு வாய்ப்பு, இரண்டும் ஒரே நாளில். இரண்டிலும் தவறினால் அந்த வருடம் முழுக்க விடுதி. மாதத்துக்கு ஒரு முறை வீடு.

ஐந்தாம் வகுப்பில் இருந்தவர்கள் நான்கு பேர். பெரியவன், சின்னவன் என்று ஏழு நிமிட இடைவெளியில் பிறந்த இரட்டையர். விடுதியில் தொலைக்காட்சி உண்டு என்று கேள்விப்பட்டதால் இருவரும் எதற்கும் தயாராக இருந்தார்கள். மூன்றாவது, சந்தேகம். எதற்கெடுத்தாலும் ஒரு சந்தேகம் கேட்பாள் என்பதால் அந்தப் பெயர். அவளுக்கு அக்கரையில் அத்தை வீடு இருந்தது, கவலையில்லை.

நான்காவது ரேடியோ. படகோட்டியின் மகள். காலையில் கண் விழித்ததும் ஒலிபரப்பைத் தொடங்கி, தூக்கத்தில்தான் நிறுத்துவாள். அப்பாவின் படகிலேயே போய் அப்பாவின் படகிலேயே திரும்பி வருவது என்று அவள் எப்போதோ முடிவு செய்துவிட்டாள். விடுதி விதிகளை அம்மா சத்தமாகப் படித்துக் காட்டியபோதுதான் முதல்முறையாக அவள் முகம் மாறியது.

"எட்டு மணிக்கு மேல யாரும் பேசக் கூடாதாம்," என்றாள் அம்மா.

"யாரும்னா?"

"யாரும்னா யாரும்தான். அடுத்த கட்டில்ல இருக்கறவகிட்டகூட."

"அப்புறம் எப்பதான் பேசறது?"

"அதான் நானும் கேக்கறேன். உனக்கு எட்டு மணி வரைக்கும் போதாதா? அந்த ஸ்கூலைக் கட்டினவங்க நல்லா இருக்கணும்."

அப்பா படகிலும் பேசமாட்டார், வீட்டிலும் பேசமாட்டார். அந்த வீட்டில் பேச்சு ஒரே ஆளிடம் குவிந்துபோயிருந்தது. அன்று இரவு சாப்பாட்டுத் தட்டின் முன்னால் ரேடியோ சொன்னது ஒரே ஒரு வாக்கியம். "நான் அங்க போனா செத்துருவேன்." பத்து வயதுப் பிள்ளை சொல்வதில் முக்கால்வாசி மிகைதான். ஆனாலும் அன்று அவள் இரண்டாம் முறை சோறு கேட்கவில்லை என்பதை அம்மா கவனித்தாள்.

ஆலையில்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பார்கள். சிக்னல் இல்லாத ஊரில் டீச்சர் மூன்று வாளிகளுக்குச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பெயின்ட் அடித்தார். பள்ளிக்கு முன்னால் சாலையின் குறுக்கே சுண்ணாம்பால் பட்டை பட்டையாகக் கோடு போட்டார். ஒன்றாம் வகுப்பில் மூன்று பேர் இருந்தார்கள். அவர்களை ஒரு பெஞ்சின்மேல் வரிசையாக நிறுத்தி, ஆளுக்கொரு வாளியைக் கொடுத்தார். தன் முறை வரும்போது வாளியைத் தலைக்குமேல் தூக்க வேண்டும். மஞ்சள் வாளிப் பையனுக்கு இதில் மனத்தாங்கல். "எனக்கு மட்டும் ஏன் டீச்சர் மூணே செகண்டு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். மூன்றாம் நாள் வாளியைக் கீழே இறக்கவே மறுத்தான். தீவின் மொத்தப் போக்குவரத்தும் கால் மணி நேரம் மஞ்சளில் நின்றது.

போக்குவரத்து என்றால் அந்த மூன்று வண்டிகள்தான். தினமும் பள்ளி விட்டதும் ஒரு மணி நேரம் சுற்றிச் சுற்றி வர வேண்டும் என்று ஐஸ்காரரிடமும் டிராக்டர் மாமாவிடமும் நர்ஸ் அக்காவிடமும் டீச்சர் கேட்டுக்கொண்டார். அவர்களும் வந்தார்கள். வந்ததோடு சரி. பிள்ளைகளைப் பார்த்ததும் நிறுத்திவிடுவார்கள்.

"எங்கம்மா போற? ஏறு, விட்டுடறேன்," என்றார் ஐஸ்காரர்.

"எதிர்ப்பக்கம் போறேன் மாமா."

"அவ்வளவு தூரம் எதுக்கு நடக்கற? ஏறு."

டீச்சர் ஓடிவந்தார். "அண்ணே, நீங்க நகரத்து டிரைவர். உங்களுக்கு இவளைத் தெரியாது. ஹாரன் அடிக்கணும். திட்டணும்."

"புள்ளைங்களையா? நம்மால ஆகாதும்மா," என்று ஐஸ்காரர் கூச்சத்தில் தலையைக் குனிந்துகொண்டார்.

டிராக்டர் மாமாவுக்கு அப்படி எந்தக் கூச்சமும் இல்லை. வெறும் வாயை மென்றவருக்கு அவல் கிடைத்தது. ஹாரனில் ஒரு கை, காற்றில் ஒரு கை என்று வைத்துக்கொண்டு, "வீட்ல சொல்லிட்டு வந்தியா?" என்று தொடங்கினார். அது பரவாயில்லை. அடுத்தடுத்து அவர் சொன்னவற்றை மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொள்வதைப் பார்த்த டீச்சர் அவரைப் பாடத்திலிருந்து நீக்கினார். இரண்டு நாள் கழித்து வண்டி போதவில்லை என்று மன்னிப்பு வாங்கிக்கொண்டு திரும்பச் சேர்த்தார். அவர் சேர்ந்த அன்று நர்ஸ் அக்காவின் ஸ்கூட்டர் சுண்ணாம்புக் கோட்டில் வழுக்கி ஐஸ் லாரிக்கு முன்னால் போய்ப் படுத்தது. லாரி நின்றது. லாரிக்குப் பின்னால் டிராக்டர் நின்றது. தீவின் சரித்திரத்தில் முதல் போக்குவரத்து நெரிசல். ஊரே நாற்காலியை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து பார்த்தது.

மூன்று வாரத்தில் நான்கு பிள்ளைகளும் தேறிவிட்டார்கள். சிவப்பு வாளி வந்ததும் வண்டி நிற்கும். வலது பக்கம் பார்ப்பார்கள், இடது பக்கம் பார்ப்பார்கள், மறுபடி வலது பக்கம். பிறகு டிரைவருக்குக் கை தூக்குவார்கள். டிரைவர் பதிலுக்குக் கை தூக்குவார். கடப்பார்கள். சுத்தமாக இருந்தது. யாருக்கும் எந்தத் தப்பும் கண்ணில் படவில்லை.

தப்பு அந்தக் கையில் இருந்தது. தீவில் வண்டி எதிரே வந்தால் நடப்பவர் கை தூக்குவார், ஓட்டுபவரும் தூக்குவார். நடப்பவர் அதுவரை நகரமாட்டார். ஒருவர் தூக்கி மற்றவர் தூக்காவிட்டால் கோபம் என்று பொருள். அன்று மாலையே சமாதானம் பேச ஆள் கிளம்பிவிடும். டீச்சரும் அந்தத் தீவிலேயே பிறந்து வளர்ந்தவர். மூச்சு விடுவதை யாராவது பாடத்திட்டத்தில் சேர்ப்பார்களா?

சோதனை நாளன்று பள்ளியே கிளம்பியது. ஐந்தாம் வகுப்பை மட்டும் கூட்டிப்போக வழியில்லை. இருப்பது ஒரே டீச்சர், அவர் போனால் பள்ளிக்குப் பூட்டு. ஆகவே பதின்மூன்று பிள்ளைகளும் படகில் ஏறினார்கள். கல்விச் சுற்றுலா என்று பதிவேட்டில் எழுதினார் டீச்சர். ஆளுக்கொரு தாளும் கொடுத்தார். அதில், 'நான் இதுவரை பார்க்காத ஐந்து பொருள்கள்' என்று தலைப்பு. அக்கரையில் இறங்கிப் பத்தடி நடப்பதற்குள் மஞ்சள் வாளிப் பையன் ஐந்தையும் எழுதி முடித்து இன்னொரு தாள் கேட்டான். அவன் எழுதியிருந்த முதல் பொருள்: 'தெரியாத ஆள்.'

சந்திப்பு பெரியதாக இருந்தது. போக நான்கு தடம், வர நான்கு தடம், நடுவில் ஒரு திட்டு. மருந்துக்கடையும் அலைபேசிக் கடையும் ஆளுக்கொரு மூலையில் நின்றன. வண்டிகள் ஓயாமல் வந்தன. சந்தேகம் முதலில் எண்ணப் பார்த்தாள், எழுபதில் விட்டுவிட்டாள்.

"எல்லாரும் எங்க டீச்சர் போறாங்க?"

"தெரியாதும்மா."

"திரும்பி வருவாங்களா?"

"வேற எங்க போவாங்க," என்றார் டீச்சர். சொல்லிவிட்டு அவரே கொஞ்சம் யோசித்தார்.

போலீஸ் அம்மா அட்டையும் பேனாவுமாகக் காத்திருந்தார். உயரமான ஆள், குறைவாகப் பேசினார். நடப்பவர்களுக்கான சிக்னலில் பச்சை மனிதன் எரிந்ததும் இருபத்தைந்து நொடி. இந்தப் பக்கத்திலிருந்து மருந்துக்கடை வாசலுக்குத் தனியாகப் போக வேண்டும். அவ்வளவுதான் சோதனை.

பெரியவன் போனான். வளரும் பிள்ளை என்று அவனுக்கு இரண்டு அளவு பெரிய கால்சட்டை வாங்கியிருந்தார்கள். அன்றைக்கென்று பார்த்து இடுப்புக் கயிறு அறுந்துவிட்டது. இரண்டு கையாலும் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு, தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி கடந்தான். தேர்ச்சி. சின்னவனுக்கும் அதே கால்சட்டை, அதே கயிறு. தேர்ச்சி. சந்தேகம் ஒரு கையில் நோட்டும் ஒரு கையில் பென்சிலுமாகப் போனாள். நடுத்திட்டில் நின்று எதையோ குறித்துக்கொண்டு மீதியைக் கடந்தாள். தேர்ச்சி.

ரேடியோவின் கைகள் இரண்டும் காலியாக இருந்தன.

பச்சை எரிந்தது. கோட்டில் இறங்கினாள். வலது, இடது, மறுபடி வலது. முதல் தடத்தில் ஒரு வேன் நின்றிருந்தது. டிரைவருக்குக் கை தூக்கினாள். அவர் அலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் உயரமாகத் தூக்கினாள். அவர் பார்க்கவில்லை. அவர் தூக்காமல் எப்படிக் கடப்பது? நின்றாள். இருபது நொடி மீதி. வேனுக்குப் பக்கத்தில் நின்ற டாக்சிக்காரர் பார்த்துவிட்டார். தலையை வெளியே நீட்டி, "ஏறும்மா, ஏறு," என்றார். பின்னால் இன்னொரு டாக்சி அவரை முந்தப் பார்த்தது. அதற்கடுத்த பஸ் நின்ற இடத்திலேயே கதவைத் திறந்தது.

"எங்க போகணும் பாப்பா?" என்று கத்தினார் கண்டக்டர்.

"எதிர்ப்பக்கம் அண்ணா!"

"எதிர்ப்பக்கம்னா எந்த ஸ்டாப்?"

"அதோ, அந்த மருந்துக்கடை வாசல்!"

"அதுக்கு எதுக்கு பஸ்ஸு?"

"நான் பஸ்ஸைக் கூப்பிடலையே! வணக்கம்தான் சொன்னேன்! நீங்க நல்லா இருக்கீங்களா?"

"முதல்ல என்னைத்தான் கூப்பிட்டா," என்றார் டாக்சிக்காரர் கண்டக்டரைப் பார்த்து.

"யோவ், அது நடந்து போற புள்ளைய்யா."

"நடந்து போற புள்ள எதுக்குய்யா கை காட்டுது?"

இருபத்தைந்து நொடி முடிந்தது. வண்டிகளுக்குப் பச்சை விழுந்தது. டாக்சி நகரவில்லை, பஸ் நகரவில்லை, பின்னால் நின்ற நூறு வண்டியும் ஒரே சுருதியில் ஹாரன் அடித்தன. போலீஸ் அம்மா விசிலை வாயில் வைத்துக்கொண்டு இறங்கிப்போய், ரேடியோவைச் சட்டைக் காலரோடு பிடித்து நடைபாதையில் கொண்டுவந்து விட்டார். அட்டையில் குறுக்காக ஒரு கோடு போட்டார்.

"இந்தப் பொண்ணு ஏன் டீச்சர் ஒவ்வொரு வண்டியா நிறுத்துது?"

"நிறுத்தலைங்க. மரியாதை பண்றா." சொல்லிக்கொண்டிருக்கும்போதே அந்த வழியாகப் போன ஒரு லாரிக்கு டீச்சரின் வலது கை தானாக உயர்ந்தது. லாரி வேகம் குறைந்தது. போலீஸ் அம்மா லாரியைப் பார்த்தார், கையைப் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார். டீச்சர் கையை இறக்கிச் சேலை மடிப்பைச் சரிசெய்தார்.

"ரெண்டு மணிக்கு வாங்க," என்றார் போலீஸ் அம்மா. "ரெண்டாவது தடவை. அதுக்கப்புறம் அடுத்த வருஷம்தான்."

நடுவில் நான்கு மணி நேரம் இருந்தது. பக்கத்தில் ஐந்து மாடி வணிக வளாகம் ஒன்றில் நகரும் படிக்கட்டு இருப்பதாக வாசல் பலகையில் போட்டிருந்தபடியால் டீச்சர் எல்லாரையும் அங்கே கூட்டிப்போனார். பன்னிரண்டு பிள்ளைகள் படிக்கட்டில் ஏறினார்கள், இறங்கினார்கள், இறங்கும் படிக்கட்டில் ஏறினார்கள். ரேடியோ கீழே ஒரு தூணில் சாய்ந்து நின்றாள். பேசவில்லை. சின்னவன் வந்து பார்த்தான்.

"ஏய், கரண்டு போயிருச்சா?"

பதில் இல்லை. சின்னவன் பயந்துபோய்ப் பெரியவனைக் கூட்டிவந்தான். பெரியவன் சந்தேகத்தைக் கூட்டிவந்தான். சந்தேகம் நோட்டைப் பிரித்தாள். நடுத்திட்டில் நின்று அவள் எழுதியிருந்தது இதுதான்: 'யாரும் யாருக்கும் கை தூக்கவில்லை. சண்டையா?'

"இங்கயும் பாத்துட்டேன்," என்றாள் சந்தேகம். "இவ்வளவு பேர் இருக்காங்க, ஒருத்தருக்கொருத்தர் வணக்கமே சொல்லல. ஆனா சண்டை மாதிரியும் தெரியல."

"அப்புறம்?"

"இவங்க ஊர் வழக்கம் அப்படி போல. நீயும் அதே மாதிரி போ. அவ்வளவுதான்."

"கை தானா போகுதே!"

"பழகிக்கலாம். விளையாட்டு வச்சுக்கலாம். இந்த மாடி முழுக்க ஒரு சுத்து நடக்கணும். கை தூக்கினா அவுட். சிரிச்சா அவுட். எங்க போறீங்கன்னு கேட்டா அவுட்."

பதின்மூன்று பேரும் வரிசையில் நின்று கிளம்பினார்கள். இரண்டாம் வகுப்புப் பெண்கள் இருவர் முதல் பத்தடியிலேயே, தரையைக் கூட்டிக்கொண்டிருந்த பெண்மணியிடம், "அக்கா, நாங்க உங்ககிட்ட பேசக் கூடாது," என்று விளக்கம் சொல்லி அவுட் ஆனார்கள். மஞ்சள் வாளிப் பையன் துணிக்கடைக் கண்ணாடிக்குப் பின்னால் நின்ற பொம்மைக்குக் கை தூக்கினான். பொம்மை பதிலுக்குத் தூக்கவில்லை. இன்னொரு முறை தூக்கினான். பிறகு உரக்க அழுதான்.

"அந்த மாமா கோவிச்சுக்கிட்டாரு!"

"அது பொம்மைடா!"

"நான் ஒண்ணுமே பண்ணலையே!"

பெரியவன் அவனைத் தூக்கிக்கொண்டதில் கால்சட்டை நழுவியது. அதைப் பார்த்துச் சிரித்து எட்டுப் பேர் ஒரே நேரத்தில் அவுட். டீச்சர் விளையாட்டிலேயே இல்லை. இருந்திருந்தால் நுழைவாயிலிலேயே அவுட். காவலாளிக்கு வணக்கம் சொல்லி, அவர் வீட்டில் எத்தனை பேர் என்பது வரை கேட்டு முடித்திருந்தார்.

ரேடியோ மட்டும் நடந்துகொண்டிருந்தாள். உதட்டை உள்ளே இழுத்துக் கடித்துக்கொண்டு, பாவாடையின் இரண்டு பக்கத்தையும் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, முகமெல்லாம் சிவந்து, மூச்சடக்கி முங்கினவள் மாதிரி நடந்தாள். செருப்புக்கடை தாண்டினாள். கண்ணாடிக்கடை தாண்டினாள். எதிரே ஒரு கைக்குழந்தை அவளைப் பார்த்துக் கையை ஆட்டியது. நின்றாள். அவள் காது இரண்டும் அசைந்ததாகச் சின்னவன் பிறகு சத்தியம் செய்தான். பிறகு நடந்தாள். ஒரு சுற்று முடித்து அதே தூணுக்கு வந்து சேர்ந்ததும் வாயைத் திறந்தாள். மொத்தமும் கொட்டியது.

"அந்தப் பாப்பாக்கு ரெண்டு பல்லுதான் இருக்கு டீச்சர், செருப்புக் கடைக்காரர் ஒத்தச் செருப்பைத் தேடிட்டிருக்காரு, அது அவர் காலடியிலயேதான் கெடக்கு, நான் சொல்லவே இல்ல, எனக்கு வயிறு வலிக்குது!"

இரண்டு மணிக்குச் சந்திப்புக்கு வந்தபோது டீச்சர் பையிலிருந்து பள்ளிக்கூடக் கைமணியையும் முதலுதவிப் பெட்டியையும் எடுத்து நீட்டினார். "ரெண்டு கையிலயும் பிடிச்சுக்க. கை போகாது."

ரேடியோ வாங்கவில்லை. "தினமும் மணியைத் தூக்கிக்கிட்டா டீச்சர் ஸ்கூலுக்குப் போவேன்?"

"இன்னைக்கு ஒரு நாளைக்குத்தான்."

"இன்னைக்கு மணி. நாளைக்கு?"

டீச்சர் மணியையும் பெட்டியையும் திரும்பப் பைக்குள் வைத்தார். கடைசியாக ஒன்று சொல்லிப் பார்த்தார். "கடல்ல அலை வர்ற மாதிரி நினைச்சுக்க. ஒண்ணு போனதும் அடுத்தது வர்றதுக்குள்ள..."

"அலைக்கு சிக்னல் கிடையாது டீச்சர். இதுக்கு இருக்கு. இது ரொம்ப ஈசி." ரேடியோ வண்டி வரிசையைப் பார்த்தாள். "இங்க இருக்கற ஆளுங்கதான் கஷ்டம்."

போலீஸ் அம்மா தலையசைத்தார். பச்சை எரிந்தது.

வலது, இடது, மறுபடி வலது. பாவாடையைக் கொத்தாகப் பிடித்தாள். இறங்கினாள். முதல் தடத்தில் ஒரு கார். பார்த்தாள், தாண்டினாள். இரண்டாவதில் டாக்சி, தாண்டினாள். மூன்றாவதில் யாரோ இரண்டு பேர் ஒரே ஸ்கூட்டரில், தாண்டினாள். நான்கு தடமும் முடிந்து நடுத்திட்டில் ஏறினாள். பதினான்கு நொடி மீதி. நடைபாதையில் பன்னிரண்டு பிள்ளைகளும் மூச்சை நிறுத்திக்கொண்டு நின்றார்கள். மஞ்சள் வாளிப் பையன் கண்ணைப் பொத்திக்கொண்டு, விரல் இடுக்கில் பார்த்துக்கொண்டிருந்தான்.

திட்டிலிருந்து இறங்கினாள். அங்கே, ஐந்தாவது தடத்தில், ஒரு பெரிய லாரி நின்றிருந்தது. கட்டை மீசை வைத்த டிரைவர் மேலேயிருந்து பார்த்தார். இவ்வளவு விறைப்பாக ஒரு பொடிசு சாலை கடப்பதை அவர் பார்த்ததேயில்லை போலிருக்கிறது. சிரித்தார். கையை உயர்த்தி, பயப்படாமல் போ என்பது போல ஆட்டினார்.

பிறந்ததிலிருந்து தனக்கு உயர்ந்த ஒரு கையையும் அவள் பதிலில்லாமல் விட்டதில்லை. வலது கை பாவாடையை விட்டுவிட்டு இடுப்பு வரை வந்தது. போலீஸ் அம்மாவின் பேனா அட்டைமேல் நின்றது. எதிரில் மருந்துக்கடை வாசலில் பச்சை எண்கள் ஒன்பது, எட்டு என்று குறைந்தன.

கை அங்கேயே நின்றது. பிறகு இறங்கி, துணியை மறுபடி பிடித்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டு லாரியைத் தாண்டினாள். ஆறு, ஏழு, எட்டாம் தடங்களை எப்படித் தாண்டினாள் என்று அவளுக்கே தெரியாது. மருந்துக்கடை வாசலில் கால் வைத்தபோது மூன்று நொடி மிச்சமிருந்தது.

பேனா கையெழுத்துப் போட்டது.

அவள் அதைப் பார்க்கவில்லை. திரும்பி லாரியைத்தான் பார்த்தாள். பச்சை விழுந்து லாரி கிளம்பிவிட்டது. நடைபாதை விளிம்பில் நின்று இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கி, குதித்துக் குதித்து ஆட்டினாள்.

"அண்ணா! லாரி அண்ணா! கோவம் ஒண்ணும் இல்ல அண்ணா! டெஸ்டு! அதான்! நல்லா போயிட்டு வாங்க!"

லாரிக்காரர் ஹாரனை இரண்டு முறை அடித்துவிட்டுப் போனார். மூன்று டாக்சிகள் அவள் முன்னால் வந்து நின்றன.

அவளைக் கூட்டிவரக் கிளம்பிய மீதிப் பேரைப் போலீஸ் அம்மாவே கடத்திவிட்டார். முன்ஜாக்கிரதையாக, "எல்லாரும் கையைக் கட்டுங்க," என்றார். "டீச்சர், நீங்களும்தான்." பன்னிரண்டு பிள்ளைகளும் ஒரு டீச்சரும் கையை மார்பின் குறுக்கே இறுகக் கட்டிக்கொண்டு, கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுக் கிளம்பிய கூட்டம் மாதிரி எட்டுத் தடங்களையும் கடந்தார்கள்.

திரும்பும் படகில் ஒருவர் பேச்சு ஒருவருக்குக் கேட்கவில்லை. நகரும் படிக்கட்டு, பொம்மை மாமா, கால்சட்டை, கண்டக்டர் எல்லாம் கலந்து ஒரே கூச்சல். ரேடியோ நடந்ததை நான்காம் முறையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான்காம் முறையில் லாரிக்குப் பதினாறு சக்கரம் முளைத்திருந்தது. பாதிக் கடல் தாண்டியதும், சுக்கானில் கை வைத்தபடி அப்பா கேட்டார்.

"கெடைச்சுதா?"

போலீஸ் அம்மா தந்த சான்றை அவர் மூக்குக்கு நேராக நீட்டினாள். அவர் படித்தார். மறுபடி படித்தார். கையெழுத்தைக் கட்டை விரலால் தடவிப் பார்த்தார். "ம்," என்றார். அவரைப் பொறுத்தவரை அது நீண்ட பேச்சு. பிறகு, அதிசயமாக, இன்னும் கொஞ்சம் பேசினார்.

"முதல் படகு அஞ்சு மணிக்கு. அதுல வந்தாதான் ஸ்கூலுக்கு நேரத்துக்குப் போக முடியும்."

"சாயங்காலம் அஞ்சா?"

"சாயங்காலம் யாரு ஸ்கூலைத் தொறந்து வைப்பாங்க? விடியக்காலை அஞ்சு. நீ நாலுக்கு எழுந்திருக்கணும்."

அப்பா எத்தனை மணிக்குப் போகிறார் என்று அவள் யோசித்ததேயில்லை. அவள் எழும்போது அப்பா இருக்கமாட்டார், அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள்.

"ஹாஸ்டல்ல எத்தனை மணிக்கு எழுப்புவாங்க?"

"ஆறரைன்னு போட்டிருந்துச்சு."

ரேடியோ சான்றை வாங்கிப் பின்பக்கம் திருப்பினாள். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"என்ன தேடற?"

"திருப்பிக் குடுக்கலாமான்னு எங்கயாவது போட்டிருக்கான்னு பாக்கறேன்."

"போட்டிருக்கா?"

"இல்ல."

"அப்ப இப்பவே படு. பழகிக்கோ."

கயிற்றுச் சுருளின்மேல் படுத்தாள். படுத்த வேகத்தில் தூங்கியும் போனாள். படகு துறையில் இடித்து நின்றபோது எழுப்பிப் பார்த்தார்கள். பெரியவன் காதில் கத்தினான். சின்னவன் காலைப் பிடித்து இழுத்தான். சந்தேகம் கண்ணிமையைப் பிரித்து உள்ளே பார்த்துவிட்டு, "இருக்கா," என்று அறிவித்தாள். அவள் அசையவில்லை. அப்பா கயிற்றைக் கட்டிவிட்டு வந்து இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தார்.

"நாலு மணிக்கு இதை யாரு எழுப்பறது?" என்று பொதுவாகக் கேட்டார்.

பிள்ளைகள் எல்லாரும் டீச்சரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் அதற்குள் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, துறையில் பாதி தூரம் போயிருந்தார்.